கையில் ரெண்டு ராஜா

சீட்டு ஆடுவீங்களா தம்பி?

இல்ல, சும்மா கேட்டேன். சில பேருக்குக் கேட்டாலே மூஞ்சி சுருங்கிரும். காசு வச்சு ஆடுறதைச் சொல்லலை. கல்யாண வீட்ல, காதுகுத்துல, பந்தி முடிஞ்ச பெறகு ஜமுக்காளத்தை விரிச்சு உக்காருவோம்ல, அந்த மாதிரி. ரம்மி மட்டுந்தானா? அது போதும். நான் சொல்றது வெளங்கிரும்.

உங்க வீட்டம்மாவும் உள்ளதான இருக்காங்க? மொதப் பிரசவமா? அதான் இந்தக் கடி கடிக்கிறீங்க நகத்தை. உக்காருங்க, எல்லாம் நல்லபடியா ஆகும். எம்மகளும் உள்ளதான் இருக்கா. கோகிலவாணி. நாங்க வாணிம்போம். விடிகாலையில சேத்திருக்காங்க. எங்க வீட்டம்மா போன் போட்டு, "வலி வந்துருச்சு, வர்றதுன்னா வாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுருச்சு. வர்றதுன்னா வாங்கவாம். பெத்த அப்பனுக்கு இது ஒரு அழைப்பா தம்பி? பெரியகுளத்துல இருந்து வண்டி மாறி மாறி இந்தக் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தத் தூண்கிட்ட வெள்ளை வேட்டி கட்டி நிக்கிறார் பாருங்க, அவருதான் எங்க சம்பந்தி, சென்னியப்பன். பக்கத்துல போனைப் பாத்துக்கிட்டு நிக்கிறது மாப்பிள்ளை, நவநீதன். நான் வந்ததும் சம்பந்தி ஓடி வந்து, "வாங்க சம்பந்தி, காப்பி குடிச்சீங்களா?"ன்னாரு. குடிச்சேன்னுட்டேன். குடிக்கலை. அவர் பக்கத்துல உக்கார எனக்குக் கூசுது. அதான் முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கேன்.

நான் பஸ் டெப்போல டைம் கீப்பரா இருந்தவன் தம்பி. நான் நோட்டுல குறிச்சு விசில் ஊதுனாத்தான் வண்டி நகரும். டிரைவர் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் சரி. ரிடையர் ஆன பெறகு வீட்ல ஒரு பூனை கூட என்னையக் கேட்டு நகர்றதில்ல. சும்மா கெடந்தேனா, மாப்பிள்ளை ஒரு தீவாளிக்கு வந்தப்ப போன்ல இந்த போக்கர் ஆட்டத்தை ஏத்திக் குடுத்தாரு. காசெல்லாம் கெடையாது, பொம்மைக் காசு. காலையில பேப்பர் பாத்து முடிச்சா ஆட்டம், சாப்புட்டுப் படுத்தா ஆட்டம். அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன் எல்லாம் நம்மகூட உக்காந்து ஆடுறான். போன்காரன் எனக்கு 'ஷார்க்'னு ஒரு பட்டமே குடுத்துட்டான். சுறாவாம். பேச்சியம்மா, அதான் எங்க வீட்டம்மா, "ஆமா, கட்டில்ல படுத்துக்கெடக்குற சுறா"ன்னு சொல்லும். நான் அதெல்லாம் காதுல வாங்குறதில்ல.

ஆட்டம் லேசுதான். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடிக் குடுப்பாங்க. நடுவுல மொத மூணு சீட்டு தெறப்பாங்க, அப்புறம் ஒண்ணு, அப்புறம் கடைசியா ஒண்ணு. நடுவுல கெடக்குறது எல்லாருக்கும் பொது. கையில உள்ளதையும் பொதுவையும் சேத்து யாரு பெருசு காட்டுறாங்களோ அவங்களுக்கு ஆட்டம். ஒவ்வொரு தடவை தெறக்கும்போதும் பிளாஸ்டிக் வில்லைய நடுவுல தள்ளணும். நான் தள்ளுனா நீங்களும் அம்புட்டுத் தள்ளணும். கை சரியில்லையா, கவுத்து வச்சுட்டு ஒதுங்கிக்கிறணும். அம்புட்டுத்தான். இதுல என்னத்த இருக்குங்கிறீங்க? நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

போன மாசம் வாணிக்கு வளைகாப்பு. எங்க பக்கம் அப்படிச் சொல்லுவோம். இங்க கட்டுச்சோறு விருந்துங்கிறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க விதவிதமாச் சோறு கட்டி எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, விருந்து போட்டு, வளையல் அடுக்கி, பொண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரணும். மொதப் பிரசவம் தாய் வீட்லதான். ரெண்டு பக்கமும் அதுதான் மொறை.

ஆனா வாணிக்கு லேசாப் பிரஷர் இருந்துச்சு. டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க, இங்கயே பாத்துக்கிறலாம்னு மாப்பிள்ளை வீட்ல ஒரு பேச்சு. ரெண்டு மாசமா போன்ல இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. நான் மொறை மொறைன்னு சொல்ல, சம்பந்தி, "ஆகட்டும்ங்க, பாக்கலாம்ங்க"ன்னே சொல்ல. அவரு எதுக்கும் முடியாதுன்னு சொல்லவே மாட்டாரு தம்பி. எல்லாத்துக்கும் 'சரீங்க'தான். கல்யாணத்தப்பவும் அப்படித்தான், மண்டபம் எங்க ஊர்லன்னேன், சரீங்க. இவர் என்ன இப்படிப் பசு மாதிரி இருக்காரேன்னு நெனைச்சுக்குவேன்.

அன்னைக்குக் காலையில நாங்க வேன்ல இருந்து எறங்குனதும், என் கையப் புடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு. "சம்பந்தி, டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டனுங்க. உங்கூர்லயும் நல்ல ஆஸ்பத்திரி இருக்குதுங்கறாங்க. பொண்ணு ஆசைப்படுது. நீங்க கூட்டீட்டுப் போங்க. கொழந்தை பொறந்து ஒரு மாசம் வச்சிருந்துட்டுக் கொண்டாந்து உட்ருங்க, நம்மனாலயும் கொழந்தையப் பாக்காம இருக்க முடியாதுங்க"ன்னாரு.

முடிஞ்சுச்சா? கேட்டது கெடைச்சிருச்சா? அதோட நான் விட்டுருக்கணும்ல?

ஒரு மாசம்ங்கிறது மனசுல முள்ளா இருந்துச்சு. எங்க பக்கம் அஞ்சு மாசம் வச்சிருந்துதான் அனுப்புவோம். இவரு என்ன எனக்கு டைம் குறிச்சுக் குடுக்கிறது? நான் எத்தனை வண்டிக்கு டைம் குறிச்சவன்!

சரி, விருந்து நல்லபடியா நடந்துச்சு. எங்க தக்காளிச் சோத்தையும் புளிச்சோத்தையும் அவங்க ஆளுக கேட்டுக் கேட்டு வாங்குனாங்க. வாணி ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல், தலை கொள்ளாத பூ. ஹால்ல செருப்புக்குப் பக்கத்துல அவ பெட்டி ரெடியா நிக்குது. ஞாயித்துக்கெழமை, சாயங்காலம் ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்னாடி வண்டிய எடுத்துரணும். சாப்புட்டுக் கைகழுவிட்டுப் பாத்தா இன்னும் நேரம் கெடக்கு. பொம்பளைக உள்ள பேசிக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ளை ஒரு டப்பாவை எடுத்தாந்து வச்சாரு. சீட்டுக்கட்டும் வில்லையும். "மாமா, போன்ல பெரிய ஆளாயிட்டீங்களாமே, நேர்ல ஒரு கை பாக்கலாமா?"ன்னாரு.

நாலு பேர் உக்காந்தோம். நான், சம்பந்தி, மாப்பிள்ளை, என் மச்சினன். சம்பந்திக்கு மகன்தான் சொல்லிக் குடுத்திருப்பாரு போல. சீட்டைக் கூட ரெண்டு கையால பூ மாதிரி எடுப்பாரு. "இது என்னங்க, இப்ப நான் வில்லை வெக்கோணுங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு ஆடுறாரு. எனக்குச் சிரிப்பு.

கொஞ்ச நேரம் ஆடிட்டோம். அப்ப வந்து விழுந்துச்சு தம்பி, என் கையில. இஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா. ரெண்டு ராஜா! உள்ளுக்குள்ள ஒரே குசி. வெளிய காட்டிக்கலை.

நடுவுல மூணு சீட்டு தெறந்தாரு மாப்பிள்ளை. ஆறு, ஆறு, ஒம்பது. எல்லாம் பொடி. என் ராஜாவுக்கு முன்னாடி அதெல்லாம் தூசி. வில்லையத் தள்ளுனேன். மாப்பிள்ளை கவுத்துட்டாரு. மச்சினனும் கவுத்துட்டான். சம்பந்தி சீட்டை ஒரு தடவை பாத்தாரு. "சரீங்க"ன்னு நான் வச்ச அளவுக்கு வில்லைய வச்சாரு.

இங்கதான் கவனிக்கணும். நடுவுல ரெண்டு ஆறு கெடக்கு. எவன் கையிலயாவது இன்னொரு ஆறு இருந்தா மூணு ஆறு ஆயிரும். மூணு ஆறு வந்துட்டா ரெண்டு ராஜாவும் ரெண்டு ஆறும் சேந்து நின்னாலும் செல்லாது. இது எனக்குத் தெரியும் தம்பி. போன்ல எத்தனை பேரை இதே மாதிரி அடிச்சிருக்கேன், அடியும் வாங்கியிருக்கேன். ஆனா ரெண்டு ராஜா கையில இருக்கும்போது எவனுக்குக் கண்ணு தெரியுது?

நாலாவது சீட்டு, நாலு. இன்னும் நிறையத் தள்ளக் கையைக் கொண்டு போனேன். மச்சினன் என் காதுல குனிஞ்சு, "மாமா, அவரு விடாம வர்றாரு. ஆறு வச்சிருக்காரு போல, பாத்து"ன்னான். "பொத்திக்கிட்டு இருடா"ன்னேன். என் வில்லை மொத்தத்தையும் நடுவுல தள்ளுனேன். அவரும் சரீங்கன்னு தள்ளிட்டாரு. இனி கடைசி சீட்டு தெறக்க வேண்டியதுதான் பாக்கி. வெறும் பிளாஸ்டிக்கு. யாரு ஜெயிச்சாலும் டப்பாவுக்குள்ள போயிரும். அதோட போயிருக்கும்.

நான் வாயத் தெறந்தேன்.

"சம்பந்தி, வெறும் வில்லைக்கு என்ன ஆட்டம்? நான் ஜெயிச்சா வாணி அஞ்சு மாசம் எங்க வீட்ல. நீங்க ஜெயிச்சா பிரசவமே இங்க. என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை சிரிச்சாரு, நான் வெளையாடுறேன்னு. சம்பந்தி சிரிக்கலை. "அது வேண்டாங்க சம்பந்தி. நல்ல நாளும் அதுவுமா"ன்னாரு.

பயந்துட்டாருன்னு நெனைச்சேன்.

"அட, என்ன சம்பந்தி, கோயமுத்தூர்க்காரருக்கு இம்புட்டுத்தான் துணிச்சலா?"

"வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க. அதெல்லாம் காலையிலயே பேசி முடிச்சாச்சுங்களே."

அவரு சொல்லச் சொல்ல எனக்கு ஏறுது. பொண்ணைப் பெத்தவன்னா எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே இருக்கணுமா? ஒரு தடவையாச்சும் நான் கேட்டதை இவங்க குடுத்துத்தான் ஆகணும்னு இருக்கணும்ல? கை தட்டிச் சிரிச்சுட்டேன். "பயந்துட்டாருப்பா எங்க சம்பந்தி!"ன்னு வாசல்ல உக்காந்திருந்தவங்க திரும்பிப் பாக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன்.

அவரு மூஞ்சி செவந்துருச்சு. மகனைப் பாத்தாரு. "சரீங்க. உங்க இஷ்டம்"ன்னாரு.

கடைசி சீட்டு ஜாக்கி. நான் ரெண்டு ராஜாவையும் டப்புனு தரையில அடிச்சேன். அவரு மெதுவா, ஒவ்வொண்ணா வச்சாரு. ஒரு ஆஸ். ஒரு ஆறு.

மூணு ஆறு தம்பி. ஜெயிச்சவரு தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. அவரு எதுக்கு வேண்டாம் வேண்டாம்னாருன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. தான் ஜெயிக்கப் போறது தெரிஞ்சுதான் வேண்டாம்னாரு.

அந்த நேரம் பாத்து வாணி வந்து நிக்கிறா. "அப்பா, நேரமாகுதுல்ல? கிளம்பலாமா?"ன்னு. மூஞ்செல்லாம் சந்தோசம். சம்பந்திதான் சட்டுனு எந்திரிச்சு, "கிளம்புங்க, கிளம்புங்க. நவநீதா, பெட்டிய எடுத்து வண்டில வையி"ன்னாரு. என் தோள்ல கையப் போட்டு, "வெளையாட்டுக்குச் சொன்னதுங்க சம்பந்தி. அதப் போயி மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க கூட்டீட்டுப் போங்க"ன்னாரு.

பெரிய மனுசன். ஒத்துக்கிறேன். ஆனா தம்பி, நீங்களே சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி கை தட்டிச் சிரிச்சவன் நான். தோத்துட்டு, அவரு பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுக்க, தலையக் குனிஞ்சு மகளை வண்டில ஏத்திக்கிட்டு வரவா? மருவாதின்னு ஒண்ணு இருக்குல்ல?

"இல்ல சம்பந்தி. சொன்னா சொன்னதுதான். நான் வாக்கு மாறுறவன் இல்ல. பிரசவம் இங்கயே நடக்கட்டும்"னு சொல்லிட்டேன்.

இதைச் சொல்லும்போது நான் நிமிந்து நின்னேன் தம்பி. உள்ளதைச் சொல்றேன். என்னைய எல்லாரும் மெச்சுவாங்கன்னு நெனைச்சேன்.

வாணிக்கு ஒண்ணும் புரியலை. புருசன் மூஞ்சியப் பாத்தா, மாமனார் மூஞ்சியப் பாத்தா, தரையில கெடந்த சீட்டைப் பாத்தா. மச்சினன் பய, வாயில ஒண்ணும் தங்காது, எல்லாத்தையும் சொல்லிட்டான். அவ அழுவலை. சத்தம் போடலை. "என்னைய வச்சா ஆடுனீங்க?"ன்னு கேட்டா.

"உன்னைய வச்சு இல்லம்மா, பிரசவத்தை..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"ன்னா.

கேட்கலை. எனக்கு அது தோணவே இல்ல தம்பி. ரெண்டு மாசமா போன்ல பேசுனோம்ல, நானும் அவங்க மாமனாரும். அவகிட்ட என்னத்தக் கேக்குறது, நம்ம பொண்ணுதானன்னு இருந்துட்டேன். அவளே போயி அந்தப் பெட்டியத் தூக்கப் போனா. மாப்பிள்ளை ஓடியாந்து வாங்குனாரு. "போலாம் வா கண்ணு, உங்கப்பா கெடக்குறாரு, நான் கொண்டாந்து உடறேன்"னு சம்பந்தி கூடச் சொன்னாரு. "வேண்டாம் மாமா. அவருக்கு வாக்குதான் பெருசு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

சோத்துப் பாத்திரமெல்லாம் காலியாக் கெடந்து கடகடங்க வேன் கிளம்புச்சு. பொள்ளாச்சி வந்துச்சு. பேச்சியம்மா, "வண்டிய நிப்பாட்டுங்க"ன்னுச்சு. டீக்கோ எதுக்கோன்னு நெனைச்சேன். எறங்கி, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, எதுத்தாப்புல நின்ன கோயமுத்தூர் பஸ்ல ஏறிருச்சு. கையில ஒரு மாத்துச் சேலை கூட கெடையாது. கலியாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட சொல்லாம அது தெருமுனை தாண்டுனதில்ல தம்பி.

அன்னைக்குப் போனதுதான். மகளோடயே இருக்கு. நான் மெஸ்ஸுல சாப்புட்டுக்கிட்டுக் கெடக்கேன். வாணிக்குப் போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். எடுக்க மாட்டா. தெருவுல பாக்குறவன் எல்லாம், "என்னண்ணே, பொண்ணு வந்துருச்சா?"ங்கிறான். பிரஷர் இருக்கு, டாக்டர் அங்கயே இருக்கச் சொல்லிட்டாருன்னு எல்லார்கிட்டயும் பொய். வெக்கமா இருக்கு தம்பி. வெக்கமா இருக்கு. கண்ணாடியில முகம் வழிக்கக் கூட மனசு வர்றதில்ல. இந்தத் தாடியப் பாருங்க.

ஆனா ஒண்ணு. வீட்ல ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வச்சிருக்கேன். ரெண்டு ராஜாவை எடுத்து வச்சுக்கிட்டு, எதுத்தாப்புல மூடி ரெண்டு சீட்டு வச்சு, நடுவுல அதே ஆறு, ஆறு, ஒம்பது. தெனமும் போட்டுப் பாக்குறேன். பெரும்பாலும் ராஜாதான் ஜெயிக்குது தம்பி! சத்தியமா. எப்பவாச்சும் ஒரு தடவைதான் அந்த ஆறு வருது. நான் ஆடுனது தப்பாட்டம் இல்ல. அதை வாணிகிட்ட ஒரு தடவை உக்காந்து சொன்னாப் போதும், புரிஞ்சுக்குவா. கணக்குல கெட்டிக்காரி அவ. அப்பா கண்ண மூடிக்கிட்டு ஆடலைம்மா, கையில அம்புட்டுப் பெரிய சீட்டு இருந்துச்சும்மான்னு... வர்ற வழியெல்லாம் பஸ்ல அதைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

இருங்க, இருங்க. நர்ஸம்மா ஏதோ பேர் சொல்லுது. கோகிலவாணியா? கோகிலவாணிதான. தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க.

பொம்பளப் புள்ள தம்பி! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. சம்பந்தி ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "பேத்திங்க சம்பந்தி, பேத்தி"ங்கிறாரு. கண்ணு கலங்கியிருக்கு அவருக்கு. எனக்குத்தான் என்னமோ மாதிரி, அவரு கையப் பதிலுக்குப் புடிக்கக் கூட வரலை.

அந்தா, அந்தக் கதவுகிட்ட நிக்கிதுல்ல, நீலச் சேலை, அதுதான் பேச்சியம்மா. எளைச்சுப் போச்சு. என்னையத் தனியாக் கூப்புட்டுச்சு. "வாணி உங்களை வரச் சொல்றா"ன்னுச்சு. அப்படியே பறக்குற மாதிரி இருந்துச்சு தம்பி. காலை எடுத்து வச்சுட்டேன். "நில்லுங்க. அந்தச் சீட்டாட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். பேசுறதா இருந்தா வர வேண்டாங்கிறா"ன்னுச்சு.

சரின்னு தலையாட்டிட்டேன். பைய எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கிறேன்.

ஒரு மாசமா நான் அவகிட்ட பேசணும்னு சேத்து வச்சது மொத்தமும் அதுதான தம்பி. அதை எடுத்துட்டா எனக்கு அவகிட்டச் சொல்ல என்ன இருக்கு? தேடிப் பாக்குறேன், ஒண்ணுமே இல்ல. அவ சின்னப் புள்ளையா இருக்கும்போது கூட, "சாப்புட்டியா, படிச்சியா, எத்தனை மார்க்கு"தான். இப்ப படுத்துக் கெடக்குறவகிட்ட என்ன மார்க்கு கேக்குறது?

எல்லாரும் பாக்குறாங்க. போகணும். தம்பி, இம்புட்டு நேரம் நானே பேசிட்டேன், உங்களை ஒண்ணுமே கேட்கலை. கொஞ்ச நேரத்துல உங்களையும் கூப்புடுவாங்க. உள்ள போனதும் உங்க வீட்டம்மாகிட்ட மொதல்ல நீங்க என்ன கேப்பீங்க?

சொல்லுங்க தம்பி. நானும் அதையே கேட்டுக்கிறேன்.